மார்க் இருக்கிறது, கணக்கு வரவில்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று இங்குள்ள நம்மவர்கள் விருந்துக்கு விருந்து பேசிக்கொள்கிறார்கள். டல்லஸ் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறவள் நான். பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன்.

படிப்பு சரிந்தது உண்மை. தேசிய அளவிலான நேப் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணக்கின் சராசரி 2019-இல் 282, 2022-இல் 274. 2024-இல் எட்டாம் வகுப்பில் மூன்றில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. போன வாரம் ஒரு பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினான். "கூட்டின பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டதே, எப்படிப்பா?" என்றேன். கைபேசியைத் தேடினான். பள்ளியில் அல்ஜீப்ராவில் அவனுக்கு 'ஏ' கிரேடாம்!

ஆனால் அவன் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் வகுப்புக்கு வருபவன். அவனிடம் உழைப்பு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? தெரியாததற்கு மார்க் போட்டு மேலே தள்ளிவிட்ட பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். மாசசூசெட்ஸில் மாநிலத் தேர்வில் தேறினால்தான் பள்ளிப் பட்டயம் என்றிருந்த விதியை, 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து நீக்கினார்கள். ஏழை மாநிலமான மிசிசிப்பியோ 2013-இல் சட்டம் போட்டு, வாசிக்க வராத பிள்ளையை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்தியது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அன்று கடைசி வரிசையில் இருந்த அதன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், 2024 வாசிப்புத் தேர்வில் தேசிய சராசரியைத் தாண்டிவிட்டார்கள்.

– கணித ஆசிரியை, டல்லஸ்