யாருக்கும் நஷ்டமில்லையா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொலைக்காட்சித் தொழில்நுட்பம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் வீட்டு ஆண்டெனாவில் வந்த பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதைத் தாண்டி மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை. என் அப்பா காலத்திலிருந்து உங்கள் இதழ் வருகிற வீடு இது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டியில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன் நான். டிஜிட்டலில் படம் தெளிவு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு அனலாக் சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் பல சேனல்களை அனுப்பலாம் என்பதும், டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் மிச்சமாகும் என்பதும் தெரியும். உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சிக்னல் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அத்தனை பக்கங்களில் ஒரு பேச்சும் இல்லை.

அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும், நிழல் தட்டும், சத்தத்தோடு இரைச்சல் ஏறும். ஆனாலும் பேசுவது யார், என்ன சொல்கிறார் என்பது புரிந்துவிடும். விட்டுப்போன எழுத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். டிஜிட்டல் அப்படி இல்லை. ஓர் அளவு வரைக்கும் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நிற்கும், அப்புறம் திரையில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும்தான். வீட்டு மாடி டிஷ்ஷுக்குச் செயற்கைக்கோளிலிருந்து வருகிற கேயு பேண்ட் அலையைக் கனமழை தடுத்துவிடும். ஆக, மழை கொட்டுகிற நேரத்தில், செய்தி எப்போது தேவையோ அப்போதுதான் டிவி வேலை செய்யாது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. செய்தி வாசிப்பவர் புயல் இருக்கும் இடத்தைச் சொல்ல வாயெடுப்பார், முகம் பாதியில் உறைந்துவிடும். மறுபடி ஓடும்போது வேறு செய்திக்குப் போயிருப்பார். “கரையை” என்ற சொல் காதில் விழுந்தது. எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பது விழவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல்தானே வேண்டியிருந்தது?

விடிந்தபோது தென்னை மரமெல்லாம் படுத்துக் கிடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டிஷ்கள் பறந்துபோனது போக, நின்ற டிஷ்ஷும் திசை மாறிப் போயிருந்தது. பரணில் கிடந்த இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டரை இறக்கினேன். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டார்ச்சில் இருந்த பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிப் போட்டேன். மத்திய அலையில் (மீடியம் வேவ்) திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருப்பியதும் இரைச்சலோடு குரல் வந்தது. எங்கே முகாம், எந்தச் சாலை அடைப்பு என்று தெரு முழுக்க எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. அந்த இரைச்சலைத்தான் உங்கள் கட்டுரை குறை என்று எழுதுகிறது.

சரி, புயல் எப்போதோ வருவது என்பீர்கள். தினசரிக்கு வருகிறேன். எங்கள் கரையோரத்தில் தூர்தர்ஷன் எடுப்பதற்கு முன்பே, 1982-லிருந்து, உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தவர்கள் நாங்கள். கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் வந்தபோதும் அதே கம்பத்தில் இன்னொரு ஆண்டெனா, ஒரு பூஸ்டர், அவ்வளவுதான். ஒருமுறை செலவு செய்தால் போதும், அப்புறம் மாதம் பிறந்தால் யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. 2022 மார்ச்சோடு, முக்கியம் என்று வைத்துக்கொண்ட சுமார் 50 இடங்களைத் தவிர, நாடு முழுக்க அந்த அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்த முடிவெடுத்து நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகத் தரையிலிருந்து வருகிற டிஜிட்டல் ஒளிபரப்பைச் சென்னை மாதிரி சில பெரிய நகரங்களில்தான் 2016-ல் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேரவே இல்லை.

கேபிள் இருக்கிறதே என்பார்கள். 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. டிஜிட்டல் பெட்டி (செட்-டாப் பாக்ஸ்) கட்டாயமான பிறகு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கட்டண முறையில் 100 சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு என்று அப்போது ஆனது. கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனித்தனி விலை. வேண்டியதை நாமே தேர்ந்தெடுக்கலாம், செலவு குறையும் என்று அப்போது உங்கள் இதழிலும் எழுதினீர்கள். எங்கள் தெருவில் யாருக்கும் குறையவில்லை. பணம் கட்ட இரண்டு நாள் தள்ளினால் திரை கறுத்துவிடும்.

பெட்டியையும் சொல்ல வேண்டும். ஒரு ஆபரேட்டரிடம் வாங்கியது இன்னொருவரிடம் ஓடாது. எந்தப் பெட்டியும் எவரிடமும் ஓட வழி செய்யுங்கள் என்று டிராயே 2020-ல் பரிந்துரைத்தது. எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு செத்த பெட்டிகள் கிடக்கின்றன. பழைய டிவியில் ஒரு கண்டென்சர் போனால் சாலிடரிங் அயர்னை வைத்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பெட்டியில் சிப் போனால் என்னைப் போன்றவனுக்கு அங்கே வேலையே இல்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒரு ரிமோட். தவறி டிவி ரிமோட்டில் கை பட்டு ஏவி (பெட்டியிலிருந்து படம் வாங்கும் இணைப்பு) மாறிவிட்டால் நீலத் திரைதான். யாராவது வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பு ஒரு குமிழைத் திருகினால் அவருக்குப் படம் வந்தது. அவர் கணக்கில் இது முன்னேற்றமா?

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் நல்ல காரியம், மாதக் கட்டணம் இல்லை, அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிக்க வேண்டும். இடம் பிடிப்பதில் பெரும்பாலும் இந்திச் சேனல்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் அதில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

வானொலிக் கதை இன்னும் வேதனை. 1960-களில் தஞ்சை மாவட்ட விவசாயிகள் ஆடுதுறை 27 ரகத்தை ‘வானொலி நெல்’ என்றுதான் சொன்னார்கள். திருச்சி வானொலியில் கேட்டுப் பயிரிட்ட நெல் அது. மத்திய அலை தரையை ஒட்டி வெகுதூரம் போகும், ராத்திரியில் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். செல்போன் எடுக்காத கடலில் இருக்கும் மீனவருக்கும் வானிலை அறிவிப்பு கேட்கும். இப்போது நாடு முழுக்க 30-க்கும் மேற்பட்ட இடங்களில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறைக்கான மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்கும் ரேடியோ எங்கே கிடைக்கிறது? திருவாரூர், நாகப்பட்டினம் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், கடைக்காரர்களுக்குப் பெயரே தெரியவில்லை. சில புதிய கார்களில் பொருத்தியே வருகிறதாம். நாற்று நடுகிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் கார் ஏது?

அமெரிக்காவில் 2009-ல் அனலாக் டிவியை நிறுத்தியபோது, பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் அரசே கொடுத்தது. நஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள் என்று அங்கே முதலிலேயே தெரிந்திருந்தது. எங்களை அப்படி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். பழையது வேண்டும் என்று நான் அழவில்லை. புதியதை எங்கள் கைக்குக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுங்கள் என்கிறேன். அதைக்கூடச் செய்யாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், யாருக்கும் நஷ்டமில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதியது எனக்கு மிகவும் வலித்தது.

உங்களால் டிரான்ஸ்மிட்டரைத் திரும்ப ஓட வைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். முன்பு கடைசிப் பக்கத்தில் திருச்சி, சென்னை, திருநெல்வேலி வானொலி நிகழ்ச்சி நிரல் போடுவீர்கள். கால் பக்கம்தான் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டீர்கள், அப்போது எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. அதை மறுபடி போடுங்கள். எந்த நிலையம், எத்தனை கிலோஹெர்ட்ஸ், செய்தியும் வானிலையும் எத்தனை மணிக்கு என்ற விவரம் இருந்தால் போதும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.