வயோலாவுக்குக் கவுன் மாட்டாதீர்கள்: 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை மேடையேற்றும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களே,

வணக்கம். நாடகக் குழுக்களில் உடைப் பொறுப்பைப் பார்ப்பவள் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு குழு ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' போட்டது. கடைசிக் காட்சி முடிவதற்குள், அதுவரை ஆண் வேடத்தில் இருக்கும் நாயகி வயோலா வெள்ளைக் கவுனில் வந்து நிற்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். சீமாட்டி வீட்டுக் காரியஸ்தரான மல்வோலியோ மேடைக்கு வந்ததும் வயோலா நழுவி சைடு விங்குக்கு வருவாள். நான் அவள் கோட்டைக் கழற்றி, கவுனை மாட்டி, முதுகில் வெல்க்ரோவை ஒட்டி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு அனுப்ப வேண்டும். ஒத்திகையில் ஒரு நாள், நான் வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு அவள் பின்னால் நிற்கும்போது, "உங்கள் கூட்டத்தையே பழிவாங்காமல் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மல்வோலியோ வெளியேறினார். வயோலாவாக நடித்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, என் கேப்டனை ஜெயிலில் வைத்திருப்பதே இவர்தான். நான் அங்கே இருக்க வேண்டாமா?"

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் கடைசிக் காட்சியைத் திரும்பப் படித்தேன். அவள் சொன்னது அப்படியே எழுதியிருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய வயோலா, தன் பெண்ணுடைகளை அந்தக் கப்பல் கேப்டனிடம் விட்டுவிட்டு, ஆண் வேடத்தில் சிசாரியோவாகி, கோமகன் ஒர்சினோவிடம் வேலைக்குச் சேருகிறாள். அண்ணன் தம்பி எல்லாம் அவளுக்கு ஒருவன்தான், இரட்டையனான செபாஸ்டியன். அவன் கடலில் போய்விட்டான் என்று நினைக்கிறாள். கடைசியில் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். அவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. "உன்னைப் பெண்ணுடையில் பார்க்க வேண்டும்" என்கிறார் ஒர்சினோ. அதற்கு வயோலா என்ன சொல்கிறாள்? உடை கேப்டனிடம் இருக்கிறது, அவரோ மல்வோலியோ போட்ட வழக்கில் உள்ளே இருக்கிறார் என்கிறாள். உடனே மல்வோலியோவைக் கூட்டிவரச் சொல்கிறாள் அவருடைய எஜமானி, சீமாட்டி ஒலிவியா. இருட்டறையில் அடைத்து, பைத்தியம் என்று சொல்லி எல்லோரும் கூத்தடித்த அதே மனிதர்! அவர் வருகிறார், பழிவாங்குவேன் என்கிறார், போய்விடுகிறார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வாருங்கள், கேப்டனைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை என்கிறார் ஒர்சினோ. அதோடு சரி. உடை வரவே இல்லை. ஒர்சினோ தான் மணக்கப்போகிறவளை "சிசாரியோ, வா" என்று பழைய பெயரில் கூப்பிட்டபடியேதான் நாடகம் முடிகிறது.

உடை மாற்ற நேரமில்லாமல் ஷேக்ஸ்பியர் இப்படி முடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. 'விரும்பிய விதமே' என்று பம்மல் சம்பந்த முதலியார் தமிழாக்கிய அவருடைய 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், ஆண் வேடத்தில் திரியும் ராசலிண்ட் கடைசியில் பெண்ணாகவே திரும்பி வருகிறாள். வெனிஸ் வணிகனில் போர்ஷியாவும் வக்கீல் அங்கியைக் கழற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறாள். இங்கே மட்டும் ஷேக்ஸ்பியர் உடையை ஒருவரிடம் பூட்டி, சாவியைக் கோபித்துக்கொண்டு போன இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். மல்வோலியோவுக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்யாமல் அந்தக் கல்யாணம் நடக்காது. நாம் கவுனை மாட்டி அனுப்பிய மறுநொடி அவர் தேவைப்படாத ஆளாகிவிடுகிறார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கோட்டு. வயோலா ஏதோ ஒரு ஆண் வேடம் போடவில்லை. மூன்றாம் அங்கத்தில் அவளே சொல்கிறாள்: என் சகோதரன் இப்படித்தான் உடுத்துவான், இதே நிறம், இதே அலங்காரம், அவனைப் பார்த்துத்தான் நான் உடுத்தியிருக்கிறேன், கண்ணாடியில் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஒலிவியாவும் அண்ணனைப் பறிகொடுத்தவள். அவள் ஏழு வருடம் முகத்திரை போட்டு வீட்டுக்குள்ளேயே அழப்போவதாகச் சபதம் எடுக்கிறாள். வயோலா செத்தவனின் உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வேலைக்குப் போகிறாள். துணி தைக்கிறவள் என்பதாலோ என்னவோ, இந்த இடம் என்னை விடுவதே இல்லை. இறந்தவரின் சட்டையை மடித்து வைத்திருக்கிற வீடு எத்தனை பார்த்திருப்போம்!

ஷேக்ஸ்பியருக்கும் இரட்டைப் பிள்ளைகள். ஹாம்னெட், ஜூடித். 1585 பிப்ரவரி 2 அன்று ஞானஸ்நானம் பெற்றார்கள். ஹாம்னெட் 11 வயதில், 1596 ஆகஸ்டில் இறந்துபோனான், தங்கிவிட்டது பெண். இந்த நாடகம் நடந்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பு, லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் அதைப் பார்த்த ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவரின் நாட்குறிப்பு. தேதி 1602 பிப்ரவரி 2. தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் இறந்த சகோதரன் திரும்பி வரும் அந்தக் காட்சியை மேடையில் பார்க்கும்போது எனக்கு ஜூடித் ஞாபகம்தான் வருகிறது.

அந்தக் காட்சியில் ஒர்சினோ சொல்வார்: ஒரே முகம், ஒரே குரல், ஒரே உடுப்பு, ஆள் மட்டும் இரண்டு. அதற்குப் பிறகுதான், நாடகம் முடியப்போகும் நேரத்தில், 'வயோலா' என்ற பெயரே முதன்முறையாக நம் காதில் விழுகிறது. செபாஸ்டியன் வாயிலிருந்து. அதுவரை அவளுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. இப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததை நாம் வெல்க்ரோவால் அவசரமாக ஒட்டிவிடுகிறோம்.

மாற்றவே கூடாது என்று சொல்பவள் இல்லை நான். 2017-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மல்வோலியோவை மல்வோலியா என்ற பெண்ணாக்கினார்கள், டாம்சின் க்ரேக் நடித்தார். மனதார வரவேற்கிறேன். தமிழில் 1949-இல் இதே கதை 'கன்னியின் காதலி' என்று சினிமாவானது; கண்ணதாசனின் முதல் திரைப்பாட்டு அதில்தான் வந்தது. கதை ஊர் மாறட்டும், காலம் மாறட்டும். ஆனால் ட்ரெவர் நன் 1996-இல் எடுத்த படத்திலும், 2006-இல் வந்த 'ஷீ இஸ் தி மேன்' படத்திலும் வயோலா கடைசியில் கவுனில்தான் வருகிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மேடையிலும் அது வழக்கமாகிவிடுமோ என்று பயப்படுகிறேன்.

வயோலாவே அந்த உடையைக் கேட்கிறாளே என்பீர்கள். ஆமாம், கேட்கிறாள். அது வரும்வரை என்னைக் கட்டியணைக்காதே என்று சகோதரனிடமே சொல்கிறாள். அவள் கேட்டும் கிடைக்கவில்லை என்பதுதான் எழுதியிருக்கிறது. அந்தக் காத்திருப்பை அவளிடமிருந்து பறிக்காதீர்கள்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். கேப்டனைப் பற்றிய வரிகளை நேரம் மிச்சப்படுத்த வெட்டாதீர்கள், சொற்ப வரிகள்தான். மல்வோலியோ வெளியேறும்போது வயோலா மேடையில் இருந்து அவரைப் பார்க்கட்டும். அப்புறம், கோமாளி ஃபெஸ்டே தனியாக மழைப் பாட்டைப் பாடத் தொடங்கும் வரைக்கும் இரட்டையர் இருவரும் ஒரே நிறக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். அந்தக் கோட்டு இரண்டையும் ஒரே தானில் வெட்டி, பித்தான்கூட மாறாமல் நான் தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உடை அறையிலிருந்து ஒருத்தி