அந்த போட்டோவோட பின்பக்கத்தையும் போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு கருப்பு வெள்ளை போட்டோ போட்டிருந்தீங்க, ஜன்னல் ஓரத்துல யூதர்களோட ஹனுக்கா பண்டிகை விளக்கு, எதிர்க் கட்டடத்துல நாஜிக் கொடி, கீழ "ஹிட்லர் ஆட்சியில் ஒரு யூத வீடு"ன்னு ஒரே வரி. அது தப்பு சார். அந்தப் படம் எடுத்தது 1931 டிசம்பர்ல, ஹிட்லர் பதவிக்கு வந்ததோ 1933 ஜனவரியில. அவன் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எதிர்க் கட்டடத்துல அந்தக் கொடி தொங்கியிருக்கு, நெஞ்சு பதறுறதே அதுக்குத்தான், அத அந்த ஒரு வரி மறைச்சிருச்சு.

அது ஜெர்மனியில கீல்ங்கிற துறைமுக ஊர்ல ராபியா, அதாவது யூத மதகுருவா இருந்த அகிவா போஸ்னரோட வீடு. எடுத்தது அவர் மனைவி ரேச்சல். ஹனுக்கா விளக்க ஜன்னல்ல வைக்கிறதே தெருவுல போறவங்க கண்ணுல படணும்னுதான், கண்ணெதிர்ல அந்தக் கொடி இருந்தும் அந்தம்மா விளக்க உள்ள தள்ளி வைக்கல பாருங்க. படத்துக்குப் பின்னாடி யூத வருஷம் 5692ன்னு போட்டு ஜெர்மன்ல நாலு வரி எழுதி வச்சாங்க: "யூதனே செத்துத் தொலை"ங்குது கொடி, "யூதன் என்னைக்கும் வாழ்வான்"னு பதில் சொல்லுது விளக்கு. இத விட்டுட்டு முன்பக்கத்த மட்டும் போட்டா பாதி போட்டோதான சார்?

எங்க வீட்லயும் இப்படித்தான் ஆச்சு. தாத்தா படத்த ஃப்ரேம் போடக் குடுத்தோம், கடையில பின்னாடி கெட்டியா அட்டைய ஒட்டிட்டாங்க, பாட்டி பென்சில்ல ஏதோ எழுதியிருந்தது அதோட போச்சு, பிரிச்சுப் பாத்தப்ப "ரயிலடியில்"ங்கிற ஒரு வார்த்தைதான் மிஞ்சுச்சு. எந்த ரயிலடின்னு சொல்ல இப்ப ஆளே இல்ல. அதனாலதான் இவ்ளோ ஆதங்கமா எழுதறேன்.

போஸ்னர் குடும்பம் 1933லயே ஜெர்மனிய விட்டுக் கிளம்பிருச்சு, கிளம்பறப்ப ஊர்ல இருந்த மத்த யூதர்களையும் போயிருங்கன்னு அவர் வற்புறுத்தினாராம். அந்த விளக்கு இப்ப ஜெருசலேம்ல, நாஜிகள் கொன்ன யூதர்களோட நினைவா இருக்கிற யாத் வஷேம் மியூசியத்துல இருக்கு, ஆனா வருஷா வருஷம் ஹனுக்காவுக்கு குடும்பத்துக்கிட்டயே குடுத்து ஏத்துறாங்க, 2022ல பெர்லினுக்கே கொண்டு போய் ஜெர்மனி ஜனாதிபதி முன்னாடி ஏத்தினாங்க.

அடுத்த வாரம் திருத்தம் போடறப்ப ரேச்சல் போஸ்னர், கீல், 1931ன்னு சேத்துப் போடுங்க, அந்த நாலு வரியையும் போடுங்க சார்.

இப்படிக்கு,
பல வருஷ வாசகர், திருச்சி