மஞ்சளும் நீலமும் ஒரே வெளிர்மையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், கணினியில் நிறங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். எந்த நிறத்தையும் சாயல் (சிவப்பா, மஞ்சளா, நீலமா என்பது), வெளிர்மை (எவ்வளவு வெளிர் என்பது), செறிவு (எவ்வளவு அழுத்தமான நிறம் என்பது) ஆகிய மூன்று அளவுகளால் குறித்துவிடலாம் என்பதை எளிமையாக விளக்கியிருந்தார்கள்; மகிழ்ச்சி. ஆனால் மென்பொருள் காட்டும் எண்களே நம் கண் உணரும் அளவுகள் என்பதுபோல் அந்தக் குறிப்பு முடிந்திருந்ததால், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஷேடு பார்த்துவரும் (சாயமேற்றிய துணியின் நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும்) நான் இதை எழுத வேண்டியதாயிற்று.

கணினியில் கலப்பற்ற மஞ்சளையும் கலப்பற்ற நீலத்தையும் அருகருகே வைத்தால், குறிப்பில் சொல்லப்பட்ட முறைப்படி இரண்டின் வெளிர்மையும் 50 விழுக்காடுதான். ஆனால் அந்த மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்தை வைத்தால் படிக்கவே முடியாது. நீலத்தின் மேல் பளிச்சென்று தெரியும். கண்ணின் உணர்வை ஒட்டி 1976-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் (CIE) வகுத்த அளவுகோலில் (கறுப்பு 0, வெள்ளை 100) மஞ்சளின் வெளிர்மை சுமார் 97, நீலத்தின் வெளிர்மை சுமார் 32. இத்தனை வேறுபாடு எப்படி வந்தது என்றால், மென்பொருளில் உள்ள முறை, 1978 வாக்கில் திரையின் சிவப்பு, பச்சை, நீல எண்களை விரைவாகக் கணக்கிட்டு வேறு வடிவில் அடுக்குவதற்காக உருவாக்கப்பட்டது. மனிதர்களின் கண்ணைச் சோதித்து எடுத்த அளவு அல்ல.

கண்ணிலிருந்து தொடங்கியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஓவியர் ஆல்பர்ட் மன்செல். நிற வட்டுகளைச் சுழற்றியும், தாமே அமைத்த ஒளிமானியால் அளந்தும் அவர் தம் முறையை உருவாக்கி, 1905-இல் நூலாக வெளியிட்டார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்னும் ஐந்தையும் அவற்றின் இடைநிறங்கள் ஐந்தையும் வட்டமாக வைத்து, வெளிர்மைக்குக் கறுப்பு 0 முதல் வெள்ளை 10 வரை படி அமைத்தார். செறிவுக்கு மட்டும் மேல் எல்லை வைக்கவில்லை. முதலில் எல்லா நிறங்களும் ஒரு கோளத்துக்குள் அடங்கும் என்றுதான் அவரும் எண்ணினார். மஞ்சள் தன் உச்சச் செறிவை வெளிரிய படியிலும், நீலம் கலந்த ஊதா இருண்ட படியிலும் எட்டுவதால், கோளம் ஒரு கோணல் மரம் போன்ற வடிவமாகிவிட்டது. அந்தக் கோணலை அவர் மறைக்காமல் விட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றும் மண் ஆய்வாளர்கள் மண் கட்டியை அருகில் வைத்து ஒப்பிடுவது அவர் வழிவந்த வண்ண அட்டைகளோடுதான்.

எங்கள் பட்டறையில் மன்செலின் பெயர் தெரியாதவர்களே அதிகம். ஆனாலும் லேப் டிப் துணியை (ஆய்வகத்தில் சாயமேற்றிப் பார்க்கும் சிறு மாதிரியை) கையில் எடுத்தவுடன் "சிவப்பு அடிக்கிறது", "டார்க்காக இருக்கிறது", "டல்லாக இருக்கிறது" என்று மூன்றையும் தனித்தனியாகவே சொல்வார்கள். சாயல், வெளிர்மை, செறிவு என்பவை இவையே. அதையும் ஒளிப்பெட்டிக்குள், பகல் வெளிச்சத்தை ஒத்த டி65 விளக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் சொல்வார்கள். ஏனெனில் ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் இன்னொன்றில் பிரிந்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மஞ்சளும் நீலமுமான கோடுபோட்ட டி-ஷர்ட்டுக்கு ஒரு வாடிக்கையாளர் கணினி எண்களை அனுப்பி, "இரண்டும் ஒரே வெளிர்மை, அதனால் கோடுகள் உறுத்தாது" என்றும் எழுதியிருந்தார். நூலில் சாயமேற்றி, மாதிரி பின்னி அனுப்பினோம். மஞ்சள் கோடுகள் உறுத்துவதாகச் சொல்லி அதைத் திருப்பிவிட்டார். தவறு சாயத்தில் என்று அவர் கடைசிவரை நம்பினார். அந்த நூல் இன்னும் எங்கள் அலமாரியில் கிடக்கிறது.

ஆகவே அந்தக் குறிப்பின் தொடர்ச்சி வருமானால், மென்பொருளின் வெளிர்மை வேறு, கண் உணரும் வெளிர்மை வேறு என்பதை ஒரு வரியிலாவது சேர்க்க வேண்டுகிறேன். கூடவே வண்ணப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டத்தையும் ஒரு நீலக் கட்டத்தையும் அச்சிட்டு, இரண்டிலும் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், அந்த வரிகூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
சாயப்பட்டறை ஆய்வகப் பணியாளர்,
திருப்பூர்.