எரியத்தான் போகிறதென்றால் குழாய் முனையில் எரியட்டும்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் குப்பைக்கிடங்கு நான்கு நாள் எரிந்த கதை தங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் நேரில் வந்தீர்கள், முகக்கவசத்தோடு. நல்லது.

அந்த நான்கு ராத்திரியும் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈர வேட்டியைச் சுருட்டி வைத்தோம். ஃபேன் போட்டால் புகை சுற்றுகிறது, நிறுத்தினால் புழுங்குகிறது. மாமியாருக்கு வீசிங், படுத்தால் மூச்சு முட்டும் என்று இன்ஹேலரும் கையுமாக விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் காலை அந்த வேட்டியைப் பிழிந்தேன். கறுப்புத் தண்ணீர் வந்தது.

யாரோ பீடித்துண்டு போட்டிருப்பார்கள் என்றீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் மழை விட்ட மறுநாள் மேட்டுப் பக்கம் வந்து பாருங்கள். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் உலை கொதிப்பதுபோல் குமிழி விடும். அடியில் காற்றுப் புகாமல் அழுகும் குப்பை விடுகிற மூச்சு அது. அதில் ஏறக்குறைய பாதி மீத்தேன் என்னும் எரியும் வாயு. பீடித்துண்டுக்கு அது போதாதா?

தீ பிடிக்காத நாளிலும் அது சும்மா இருப்பதில்லை. 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும். பிடித்து எரித்தால் கரியமில வாயுவும் நீராவியுமாகப் போய்விடும். அதனால்தான் கேட்கிறோம்: மேட்டில் துளையிட்டுக் குழாய் இறக்குங்கள், மேலே மண் மூடுங்கள், வாயுவை உறிஞ்சி ஒரே இடத்தில் எரியுங்கள். எரியத்தான் போகிறது. எங்கள் மூக்குக்குள் எரிய வேண்டாம், குழாய் முனையில் எரியட்டும்.

இது என் கற்பனை இல்லை. மும்பை கோராய் கிடங்கை மூடியபோது இதைத்தான் செய்தார்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் சொல்லியிருந்தன: வாயுவைப் பயன்படுத்து, முடியாவிட்டால் எரி, நேராகக் காற்றில் விடாதே. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது, 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு. அப்போதும் தீயணைப்பு வண்டிகள் வந்தன, தண்ணீர் அடித்தன. நமக்கும் அதே வைத்தியம்தான்.

பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் வேலை முடியட்டும் என்கிறார்கள் உங்கள் பொறியாளர்கள். முடியட்டும், மகிழ்ச்சி. ஆனால் இயந்திரம் தோண்டுவது ஒரு மூலையில். மிச்ச மேடு அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டா இருக்கும்?

கிடங்கின் மதில்சுவரில் பச்சை மரங்களும் கிளிகளும் வரைந்து, 'குப்பையை எரிப்பது தண்டனைக்குரிய குற்றம்' என்று எழுதியும் வைத்திருக்கிறீர்கள். புகை அந்தக் கிளிகளுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. அபராத ரசீதை யார் பெயருக்குப் போடுவது? வீட்டு வரியோடு குப்பைக் கட்டணமும் கட்டுகிறோம்; ஒரு நாள் தாமதமானால் குறுஞ்செய்தி வருகிறது. நான்கு நாள் புகைக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழாய் இறக்க என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டையாவது அடுத்த மாமன்றக் கூட்டத்தில் வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெயில் காலத்துக்கு முன்பே என்றால் மாமியார் கொஞ்சம் படுத்துத் தூங்குவார்.

இப்படிக்கு,
கிடங்குக்கு மேற்கே மூன்றாவது தெருவில் குடியிருப்பவள்