மறதி நோய்னு மட்டும் எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அல்சைமர் பத்தி எழுதுறப்ப எல்லாம் உங்க பேப்பர்ல "மறதி நோய்"னுதான் போடுறீங்க. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு வருஷத்தை கோட்டை விட்டோம். எங்கம்மாவுக்கு தேதி, பேரப்பிள்ளைங்க பேரு எல்லாம் சரியா ஞாபகம் இருந்துச்சு, வார்த்தைதான் வரல. வாட்ச்சை கையில வச்சுக்கிட்டே "அதான்... மணி பாக்குறது" அப்படிம்பாங்க, கத்தரிக்கோல் "வெட்டுறது" ஆச்சு, அப்புறம் எல்லாமே அது, இது, அந்த இவன். பேச்சு மட்டும் தடங்கல் இல்லாம வரும், வாக்கியமும் ஒழுங்கா முடியும், ஆனா உக்காந்து கேட்டா உள்ள சங்கதியே இருக்காது. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம்.

டாக்டர் கேட்டப்புறம்தான் அவங்க டைரியை எடுத்துப் பாத்தேன். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் நெருக்கி எழுதுவாங்க. அது மூணு வரி ஆயிருந்துச்சு, எழுதினதையே திரும்ப எழுதியிருந்தாங்க, மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளி இல்ல, கடைசி பக்கங்கள்ல தேதி மட்டும்தான்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லைங்க. 1901ல ஃபிராங்க்ஃபர்ட்ல டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், அகஸ்டே டீட்டர்ங்கிற 51 வயசு அம்மாவை பேரை எழுதச் சொன்னப்பவே "திருமதி"ங்கிற வார்த்தையோட மீதி மறந்து நின்னுட்டாங்க. எழுத்தாளர் ஐரிஸ் மர்டாக்கோட கடைசி நாவல் 1995ல வந்துச்சு, நோய்னு தெரிஞ்சது அதுக்கப்புறம்தான். 2005ல ஆராய்ச்சியாளர்கள் அந்த நாவலை அவங்க பழைய நாவல்களோட வச்சுப் பாத்தப்ப வாக்கிய அமைப்பு பெருசா மாறல, சொல்வளம்தான் சுருங்கியிருந்துச்சு. எங்கம்மா பேச்சும் அப்படியேதான் இருந்துச்சு.

நாங்க பண்ணின இன்னொரு தப்பு, "இது பேரென்ன சொல்லுங்க பாப்போம்"னு குழந்தைக்கு பரீட்சை வைக்கிற மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தது. திணறித் திணறி அவமானமாகி யாரு வந்தாலும் பேசுறதையே குறைச்சுக்கிட்டாங்க. இப்ப காத்திருக்கோம், வரலைன்னா பொருளைக் கையில எடுத்துக் குடுத்துடறோம், முகத்துல பதட்டம் இல்ல.

அடுத்த தடவை இதைப் பத்தி எழுதுறப்ப பேச்சையும் எழுத்தையும் பத்தி தயவுசெஞ்சு நாலு வரி சேருங்க, பழைய லெட்டர், டைரி இருந்தா டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. அம்மா இன்னைக்கும் உங்க பேப்பரோட தலைப்பை எல்லாம் தப்பில்லாம சத்தமா படிக்கிறாங்க. என்ன விஷயம்மான்னு கேட்டாதான் சொல்லத் தெரியல.

இப்படிக்கு,
ஒரு வாசகி