ட்ரோனும் உன் மண்டபமும்

மச்சான் பாலு,

திட்டாத. உன் வாய்ஸ் நோட் வந்து 3 வாரம் ஆச்சு, நாலஞ்சு தடவ கேட்டுட்டேன், ஒவ்வொரு தடவையும் பதில் டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சுட்டேன். வேடந்தாங்கல் ரோட்டுல எடம் பாத்தாச்சு, கல்யாண மண்டபம், பக்கத்துல ஓப்பன் லான், டிஜே, ராத்திரி வாணவேடிக்கைன்னு நீ சொல்லச் சொல்ல எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா கூடவே என்னமோ நெருடிச்சு, அது என்னன்னு எனக்கே புரியல. போன சனிக்கிழமை புரிஞ்சுது. அதுக்குத்தான் இவ்ளோ பெரிய கடிதம். டீ போட்டுக்கிட்டு உக்காரு.

வீட்ல எல்லாரும் நலம். வீட்டுக்காரிக்கு முட்டிவலி பரவால்ல. ஒட்டகம் சார் போயிட்டாராமே, கண்ணன் சொன்னான், ரெண்டு நாள் மனசே சரியில்ல. 

சரி விஷயத்துக்கு வரேன். பையன் பொறந்தநாளுக்கு ஒரு ட்ரோன் வாங்கிக் குடுத்தேன்டா. இங்க நியூஜெர்சில, எங்க எடிசன் ஊர்ல எங்க விட்டாலும் யாராவது ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாக்குறாங்க, அதனால ஆளில்லாத எடமா போலாம்னு ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு கடற்கரைப் பக்கம் ஃபோர்சைத் வனவிலங்கு சரணாலயத்துக்குப் போனோம். உனக்கு அந்த எடம் ரொம்பப் புடிக்கும், ஏன்னா பாத்தா அப்படியே நம்ம ஏரிக்கரதான். தண்ணிய கரை கட்டித் தேக்கி வெச்சிருக்கான், கரை மேலயே மண்ரோடு, 8 மைல், ஒருவழிப் பாதை, மெதுவா வண்டியில சுத்தி வரலாம். அந்தப் பக்கம் தூரத்துல அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட ஹோட்டலெல்லாம் வரிசையா நிக்குது, இந்தப் பக்கம் சேறும் கோரையும் பறவையும். ஜூலைல மட்டும் போயிராத, பச்சக்கண்ணு ஈ ஒண்ணு இருக்கு, மாட்டு ஈக்கு அண்ணன், கண்ணாடிய எறக்கினா பேன்ட்டோட கடிக்கும்.

வாசல்ல பெரிய போர்டு, என்னென்ன கூடாதுன்னு. யாரு படிச்சா? நம்மதான் போர்டு படிக்கிற பரம்பரையா. உள்ள போயி ஒரு வளைவுல நிறுத்தினோம். தண்ணி முழுக்க வெள்ளையா கெடந்துச்சு, நான் பனின்னே நெனச்சேன், பாத்தா ஸ்னோ கூஸ், துருவத்துப் பக்கத்துலேர்ந்து குளிருக்கு எறங்கி வர்ற வாத்து, ஒடம்பு பூரா வெள்ள, றெக்க நுனி மட்டும் மைய தொட்டுக்கிட்ட மாதிரி கருப்பு. ஆயிரக்கணக்குல இருக்கும். பையன் ட்ரோன எடுத்து விட்டான். தென்ன மரம் ஒசரம்கூட போயிருக்காது, அந்த வெள்ளை மொத்தமும் ஒரே நேரத்துல எந்திரிச்சுச்சுடா. சத்தம் எப்படின்னா, சினிமா கொட்டாயில எடைவேள விட்டா பெஞ்ச தள்ளிக்கிட்டு எல்லாரும் ஓடுவோமே, அதுமாதிரி நூறு கொட்டாய். வெயிலு மறைஞ்சுது. பையன் பயந்து ரிமோட்ட எங்கிட்ட குடுத்துட்டான், எனக்கு அத எறக்கவும் தெரியல.

அப்பத்தான் பின்னாடி ஒரு பிக்கப் வந்து நின்னுச்சு. எறங்கினவருக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், சரணாலயத் தன்னார்வலராம், கழுத்துல பைனாகுலர். கத்தல. கிட்ட வந்து அத மொதல்ல எறக்குங்கன்னு மட்டும் சொன்னாரு. எறக்கினதுக்கு அப்புறம்தான் சொல்றாரு, இந்த மாதிரி சரணாலயத்துல ட்ரோன் ஏத்துறதும் எறக்குறதும் நாடு முழுக்கவே தடை, இது ஆபீசர் கண்ணுல பட்டிருந்தா உங்களுக்கு ஃபைன்னு. அந்த வாத்துங்க பகல் பூரா மேஞ்சு சேக்குற கொழுப்புலதான் குளிர தாங்கி, திரும்ப வடக்க போகணும், நீங்க ஒரு தடவ கெளப்பி விட்டா அதுல ஒரு பங்கு போச்சுன்னாரு. எனக்கு மூஞ்ச எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

நான் சும்மா இருந்திருக்கலாம். நம்ம வாய்தான் தெரியுமே. அவரு தொப்பியில வாத்துப் படம் போட்ட ஸ்டாம்ப் குத்தியிருந்துச்சு, அது என்னன்னு கேட்டேன். வேட்டைக்கு வேணும்ங்கறாரு. ஆமாடா, அவரு வாத்து சுடுறவரு! இதே சரணாலயத்துல குறிப்பிட்ட எடத்துல வேட்டைக்கு அனுமதி இருக்காம். எனக்கு வந்துச்சே கோவம், நீங்க சுடலாம், என் புள்ள ஒரு பொம்மைய பறக்க விடக்கூடாதான்னு கேட்டுட்டேன். அவரு சிரிச்சாரு. நான் சுடுறதுக்கு மாசம் குறிச்சிருக்கு, எடம் குறிச்சிருக்கு, ஒரு நாளைக்கு எத்தினின்னு குறிச்சிருக்கு, ஈயக் குண்டு கூடாதுன்னு இருக்கு, உங்க பொம்மைக்கு இதுல எது இருக்குன்னாரு. நான் வாய மூடிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி ஒக்காந்து படிச்சேன், வீராப்புல. அந்த ஸ்டாம்ப் 1934லேர்ந்து இருக்கு, இப்ப 25 டாலர், 16 வயசு ஆன, வாத்து சுடுற எவனும் வாங்கியே ஆகணும், ஒரு டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நெலம் வாங்கவும் காப்பாத்தவும் போவுது. அதாவது சுடுறவன் காசுலதான் நெறைய சேத்தையே வாங்கியிருக்கான். இத எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல, கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கு. ஆனா இன்னொண்ணு படிச்சேன், அது புடிச்சிருந்துச்சு. இங்க மத்த அரசு நெலமெல்லாம் பெரும்பாலும் பூட்டலன்னா தொறந்ததுன்னு அர்த்தம், சரணாலயம் மட்டும் தலைகீழு, தொறக்கலன்னா பூட்டினதுன்னு அர்த்தம். மொதல்ல பிராணி, அப்புறம்தான் மனுசன்னு 1997ல சட்டமே போட்டிருக்கான். வேட்ட, மீன் புடிக்கிறது, பாக்குறது, போட்டோ எடுக்குறது, சொல்லிக் குடுக்குறது, வெளக்குறது, இந்த ஆறுக்கும் முன்னுரிம, அதுகூட பிராணிக்கு எடஞ்சல் இல்லன்னாத்தான். இதே சரணாலயத்துல ஹோல்கேட்னு ஒரு கடற்கர, ஏப்ரல் 1லேர்ந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் கயிறு கட்டி மூடிருவான், கோடை லீவு மொத்தமும் போச்சு. எதுக்குன்னா குருவி சைசுல ஒரு பறவ, மணல்ல சும்மா குழி பறிச்சு முட்ட போடுது. ரெண்டு வருசம் முன்னாடி அந்தக் கயித்துக்கிட்ட நின்னு நான் பேசுன பேச்சு, அவ இன்னும் சொல்லிக் காட்டுறா.

இப்ப உன் விஷயம்.

வேடந்தாங்கல்ல பெரியம்மா வீட்டுக்கு தீபாவளிக்குப் போயிருந்தோமே, நெனவிருக்கா, ஆறாவதுல? ஏரியில கூடு கட்டுற பறவைக்காக ஊரே வெடி வெடிக்காதுன்னு தெரிஞ்சும் டவுசர் பாக்கெட்ல லட்சுமி வெடிய ஒளிச்சு எடுத்துக்கிட்டு கரைக்குப் போனோம். அல்லியம்மா கெழவி அடிக்கக்கூட இல்ல. உன் கைய விரிச்சு, வெடிய எடுத்து, மதகுத் தண்ணியில முக்கி, திரும்ப உன் கையிலயே வெச்சுது. புள்ளத்தாச்சி வீட்டுப் பக்கத்துல எவன்டா வெடி வெப்பான்னு கேட்டுது. அந்த ஈர வெடிய நீ ரெண்டு நாள் காய வெச்ச, அது வேற கத.

அங்க போர்டு கெடையாது, ஃபைன் கெடையாது. வெள்ளக்காரச் சிப்பாய் வந்து பறவைய சுட்டப்போ அந்த ஊரு ஜனம்தான லயோனல் பிளேஸ்ங்கற கலெக்டர் கிட்ட போயி நின்னு, பறவைய காக்க கவுல், அதாவது எழுத்துல உத்தரவு, வாங்கினாங்க, 200 வருசத்துக்கு மேல ஆச்சு. அரசு அத சரணாலயமா அங்கீகரிச்சதே 1936லதான். பெரியப்பா சொல்லுவாரே, எச்சம் கலந்த ஏரித் தண்ணி பாஞ்சா யூரியா எதுக்குடான்னு. ரொம்ப உருகவும் வேணாம், ஞாயித்துக்கெழம வாட்ச் டவர்ல விசிலடிச்சு கூழைக்கடாவ பறக்க விடச் சொல்லுறதும் நம்மாளுங்கதான், என் சித்தப்பா உட்பட.

நான் கேக்குறது ஒண்ணுதான் மச்சான். உனக்கு மண்டபத்துல காசு எப்ப வரும்? ஐப்பசி, கார்த்திக, தை, மாசி. மார்கழில ஈயோட்டுவ. பறவ எப்ப வருது? அதே மாசந்தான். நத்தகுத்தி நாரை கூடு கட்டி, முட்ட வெச்சு, குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிற நேரமும் உன் முகூர்த்த நேரமும் ஒண்ணு. வருசத்துல எந்த மாசம் டிஜே போட்டா எடஞ்சலோ கரெக்டா அந்த மாசம்தான் உனக்கு புக்கிங். இதத்தான் அந்த வாத்து எந்திரிச்சப்போ நெனச்சேன், உன் லான்ல மாப்ள அழைப்புக்கு விடுற வாணம் கண்ணு முன்னாடி வந்துச்சு. 2020ல வேடந்தாங்கல் சரணாலயத்தோட 5 கிலோமீட்டர் எல்லைய 3ஆ கொறைக்கப் பாத்தப்போ கூடாதுன்னு குரூப்புல அந்த ஆட்டம் ஆடினது யாரு? ஸ்க்ரீன்ஷாட் கண்ணன்கிட்ட இருக்கு.

தொழில் பண்ணாதங்கல. கடன் எவ்ளோ இருக்கு, ரெண்டு பொண்ண எப்படி வெச்சிருக்கன்னு எனக்குத் தெரியும், டாலர்ல சம்பாதிக்கிறவன் அங்கேருந்து புத்தி சொல்றான்னு உனக்கு எரியும், எரியட்டும். படாளம் பக்கம் ஹைவேல ஒரு எடம் சொன்னியே, அத ஏன் விட்ட? வெல கூடன்னா நான் கொஞ்சம் போடுறேன், வட்டியெல்லாம் வேணாம், கணக்குல மட்டும் எழுதி வெச்சுக்க, உன் கணக்கு லட்சணம் தெரியும்.

ட்ரோன் பரண்ல இருக்கு. பையன் இப்ப அந்தத் தாத்தா மாதிரி பைனாகுலர் வேணும்ங்கறான். ஏப்ரல்ல வரோம், அதுக்குள்ள பெரும்பாலான பறவ கெளம்பிரும்னு அவன்கிட்ட இன்னும் சொல்லல.

பெரியம்மாவ கேட்டேன்னு சொல்லு. அட்வான்ஸ் குடுத்துட்டியா இல்லியா, அத மட்டும் ஒரு வரி டைப் பண்ணு. வாய்ஸ் நோட் வேணாம், அதுல உன் டிவிஎஸ் சத்தம்தான் கேக்குது.

சீனு